கண்மாய்க்கரையில் ஆயிரத்தைந்நூறு மீட்டர்

ஏழு நிமிடம் எவ்வளவு என்பது கடிகாரம் பார்க்காமலே எனக்குத் தெரியும். முறுக்குச் சட்டியில் ஒரு ஈடு வேக ஏழு நிமிடம். பிழிந்து போட்டதும் எண்ணெய் இரையும். பிறகு இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அடங்குகிற அந்த நேரத்தில் அரிகரண்டியைப் போட்டு அள்ளாவிட்டால் ஈடு முழுக்கக் கருகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று எங்கே போனாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் நடத்துகிற முறுக்குக் கம்பெனி ஒன்று இருக்கும். அங்கே போய் நிற்பேன். ஆறு மாதம் வேலை, சலித்ததும் வேறு ஊர். நடுவில் ஒரு வருடம் போர்வெல் லாரியிலும் சுற்றினேன். ஆனால் காதில் தங்கிய சத்தம் எண்ணெய் அடங்குகிற சத்தம்தான்.

போலீஸ் எழுத்துத் தேர்வில் நான் தேறுவேன் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பத்தாம் வகுப்பையே தனித்தேர்வராக இரண்டு தடவை எழுதித்தான் முடித்தேன். மேலூருக்கு வெளியே அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது அவள்தான் விண்ணப்பம் போட வைத்தாள். வயது வரம்பு எனக்கு இந்தத் தடவையோடு முடிகிறது. பட்டியலில் என் எண்ணைப் பார்த்த அன்று அக்கா தெருவில் ஆறு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள். எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். அடுத்தது ஓட்டம். ஆயிரத்தைந்நூறு மீட்டர், ஏழு நிமிடம். அதில் தோற்றால் மறுபடியும் சோலாப்பூர் ரயில், தகரக் கொட்டகை, சட்டி.

முதல் நாள் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பார்த்தேன். நாலு கரண்ட் கம்பம் தாண்டுவதற்குள் கண் இருட்டியது. உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வாயில் எண்ணெய்ப் புகை நாற்றம். சட்டியை விட்டு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்போதும் அந்த நாற்றம் எங்கிருந்தோ வந்தது.

சோலாப்பூரில் என்னோடு மாவு பிசைந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல உடம்பு, ஆனால் இருமல். ஒரு நாள் மாவு மூட்டையோடு மாடிப்படி ஏறியவர், பாதியில் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான். உயிர் போனது தெரியாமல், களைப்பாறுகிறார் என்று நினைத்து அவரைத் தாண்டி இரண்டு தடவை நான் மேலே போய் வந்தேன். அவருக்கு இருந்த இருமல் எனக்கும் இருந்தது. டாக்டரிடம் காட்டு என்று அக்கா சொன்னாள். நான் போகவில்லை. ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வது.

எனக்குத் துணைக்கு வந்தவன் என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். கிரானைட் யார்டில் கல் அளக்கிற வேலை. வெட்டி வந்த கல்லுக்கு டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் சொல்லி, சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போடுவான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனும் போலீசுக்குப் போனவன்தான். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்து, ஓட்டத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டான். அதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்த வருடத்துப் பனியனை இன்னும் வைத்திருக்கிறான்.

"ரோட்டுல ஓடாத பங்காளி. காலு போயிரும். கண்மாக் கரைல மண்ணு. நான் அளந்து தாரேன்" என்றான்.

யார்டில் இருந்து முப்பது மீட்டர் டேப் கொண்டுவந்தான். கண்மாயில் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேல்தான் நிறைந்து கிடந்தது. கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒரு கல். அதில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டான். நான் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, அவன் இழுத்துக்கொண்டு போனான். இழுத்து நிறுத்தி, குச்சியால் கீறி, வாய்க்குள் ஏதோ கணக்குச் சொல்லி, "வா" என்பான். நான் நுனியைத் தூக்கிக்கொண்டு போவேன். கணக்கு என்றாலே எனக்குத் தள்ளி நின்று பழக்கம், நான் எண்ணவில்லை. கரையில் நின்ற ஒரு வேப்பமரத்தைத் தாண்டி, அங்கே கிடந்த கல்லைப் புரட்டிப் போட்டு அதிலும் கோடு போட்டான்.

"இது எழுநூத்தம்பது. போய்ட்டு வந்தா ஆயிரத்தைந்நூறு. இனி உன் பாடு" என்றான்.

அன்றைக்கே ஓடினேன். ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி. மடைக் கல்லில் படுத்துக்கொண்டு நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்தேன். உள்ளே அடிப்பது கைக்குத் தெரிந்தது. அது எங்கேயாவது ஒரு அடியைத் தவறவிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

"சாகுறதுன்னா சொல்லிட்டுச் சாவு. எட்டு மணிக்கு யார்டுல இருக்கணும் நான்" என்றான் அவன்.

தினமும் ஐந்தரைக்கு எழுந்தேன். ஓட்டத்தைவிட அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் மோசம். விழித்ததும் இரண்டு தடவை வெளிக்குப் போவேன். ஷூ கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டுவேன். கரைக்குப் போனதும் அவன் போனை எடுத்து ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுவான். அந்தச் சின்ன டிக் சத்தத்தில் சட்டியில் ஈடு விழுந்துவிடும். பிறகு ஓடுகிற நேரம் முழுக்க எண்ணெய் இரைகிற சத்தம் காதில் கேட்கும். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கோட்டில் கால் வைத்துத் திரும்பும்போது இரைச்சல் பாதி. திரும்பி வரும் வழியில், மடை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே அது அடங்க ஆரம்பிக்கும். அடங்கிவிடும். நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் ஈடு கருகியது.

மூன்று வாரத்தில் எட்டேகால். ஐந்தாவது வாரம் ஏழு நாற்பது. பிறகு ஏழு இருபது. ஏழு பதினைந்து வந்ததும் நின்றுவிட்டது. எவ்வளவு முக்கினாலும் ஏழு பத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு நாள் ஏழு பத்து வந்தது. மறுநாள் ஏழு பதினெட்டு.

வீட்டில் மச்சான் தினமும் கேட்பார். மினி லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுக் கால் கழுவும்போதே கேட்பார்.

"மாப்ள, இன்னைக்கு எம்புட்டு?"

முதலில் உண்மையைச் சொன்னேன். ஏழு நாற்பது என்று சொன்ன அன்று அவர் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பொய் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு. பிறகு ஆறு ஐம்பத்தெட்டு. பிறகு ஆறு ஐம்பத்தைந்து. பொய்யையும் ஒரேயடியாகக் குறைக்கத் தைரியமில்லாமல் இரண்டு மூன்று வினாடியாகத்தான் குறைத்தேன். அக்கா தெருவில் சொல்லிவிட்டாள். பால் வாங்கப் போனால், "என்ன ஏட்டய்யா, ஏழு நிமிசத்தை முழுங்கிட்டீகளாம்ல" என்றார் பால்காரர்.

அதற்குப் பிறகு பயம் இரண்டாகிவிட்டது. ஓடும்போது நெஞ்சைப் பற்றிய பயம், வீட்டுக்குள் நுழையும்போது அக்கா முகத்தைப் பற்றிய பயம். சாப்பாடு இறங்கவில்லை. கருவாட்டுக் குழம்பை ஒதுக்கி வைத்தால் அக்கா, "ஓடுறவனுக்கு ஒடம்பு லேசா இருக்கணும்னு இருக்கான்" என்று பெருமையாகச் சொல்வாள். ஒரு நாள் மத்தியானம் மேலூர் பஸ் நிலையம் வரை நடந்து போய், வடக்கே போகிற ரயில்களைப் போனில் தேடிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போவது எனக்குப் புதிதில்லை. டிக்கெட் மட்டும் எடுக்கவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. சான்றிதழ் நகல்களில் கையெழுத்து வாங்க மதுரைக்குப் போனேன். தல்லாகுளத்தில் வேலை முடிய நாலு மணி ஆனது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மைதானம். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு போட்ட வட்டம், சுற்று நானூறு மீட்டர் என்று சுவரில் எழுதியிருந்தது. என்னைப் போலவே நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பையை ஓரமாக வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். மூன்று சுற்று, அதோடு முக்கால் சுற்று.

நிறுத்திப் பார்த்தபோது ஆறு ஐம்பத்தாறு.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.  சுற்றை எண்ணுவதில் தப்பு செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லையென்றால் போன் தப்பு. இல்லையென்றால் இந்த மைதானம் சின்னது. மூச்சு வாங்க நின்று, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாவைக் கேட்டேன். விசில் கயிறு கழுத்தில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்க வேண்டும்.

"மேடம், இந்தச் சுத்து நானூறுதானா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருசமா நானூறுதான் தம்பி. இன்னைக்குக் காலைலயும் நானூறுதான் இருந்துச்சு."

"இல்ல, கொஞ்சம் கம்மியா இருக்குற மாதிரி..."

"எல்லாரும் கூடுதலா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர்தான் கம்மின்னு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பஸ்ஸில் மேலூர் வரும் வரை கணக்குப் போட்டேன். எனக்கு வராத கணக்கு. மறுநாள் காலை கரையில் ஓடினேன். ஏழு பதினொன்று. அப்படியென்றால் மைதானம்தான் பொய். தேர்வும் ஒரு மைதானத்தில்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தவனுக்குக் கெட்ட செய்தியை நம்புவதுதான் சுலபம்.

அன்று மத்தியானம் யார்டுக்குப் போனேன். வெயிலில் பெரிய பெரிய கல், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. அவன் ஒரு கல்லின் மேல் நின்று டேப்பைத் தொங்கவிட்டுக் கீழே இருந்தவரிடம் எண் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அண்ணாந்து பார்த்து நடந்ததைச் சொன்னேன். கீழே குதித்தான். 

"மைதானத்துல ஆறு அம்பத்தாறா?"

"ஆமா. கரைல ஏழு பதினொண்ணு."

"நான் கழிவு போட்டுல்ல அளந்தேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் பக்கத்துக் கல்லைக் காட்டினான். வெட்டி எடுத்த கல்லின் ஓரம் கரடுமுரடாக இருக்கும். அறுக்கும்போது அது போய்விடும். அதனால் டேப் என்ன காட்டினாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள். கழிக்காமல் எழுதினால் வாங்க வருகிறவர் சண்டைக்கு வருவார். அவன் பத்து வருடமாக அப்படியே அளந்து பழகியவன்.

"கரையும் கரடுதானே பங்காளி. மேடு பள்ளம், டேப்பு நேரா விழுகாது. இழுப்புக்கு ஒரு மீட்டர் கழிச்சேன். முப்பது இழுத்தா இருவத்தொம்போதுன்னு எண்ணுனேன்."

"எத்தன இழுப்பு?"

"இருவத்தஞ்சு. அதுக்கு மேல கொஞ்சம்."

பெயின்ட் டப்பா மூடியால் மண்ணில் எழுதினான். இழுப்புக்கு ஒரு மீட்டர் என்றால் இருபத்தைந்து மீட்டர். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. இரண்டு மாதமாக நான் ஒவ்வொரு நாளும் ஐம்பது மீட்டர் அதிகமாக ஓடியிருக்கிறேன்.

"ஏன்டா, மண்ணுல எதுக்குடா கழிவு? கரையை அறுத்து ஏத்துமதி பண்ணப் போறியா?"

"அளவுன்னா கழிவு உண்டு" என்றான். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, "எனக்கு அங்க ஒரு சென்டி கழிச்சுட்டாய்ங்க. உனக்குக் கொறஞ்சுறக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. புதிதாக ஒரு பயம் வந்தது. அதுவரை தோற்பது உறுதி என்று பயந்துகொண்டிருந்தேன். உறுதியான பயத்தில் ஒரு மாதிரி ஓய்வு உண்டு. இப்போது ஜெயிக்க முடியும். நாலு வினாடி கையில் இருக்கிறது. ஒரு தடுக்கல், ஒரு இருமல் வந்தால் அந்த நாலு வினாடி போய்விடும். அன்றைக்கு நெஞ்சைத் தொட்டுப் பார்த்த அளவுக்கு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் பெயின்ட்டும் டேப்பும் கொண்டுவந்தான், சரியான இடத்தில் புதுக் கோடு போட. நான் விடவில்லை.

"அழிக்காத. இருக்கட்டும்."

"சரியான அளவுல ஓடுனா தெம்பா இருக்கும்ல."

"எனக்குத் தெம்பு வேணாம். தெம்பு வந்தா நின்டுருவேன்."

பழைய கோட்டுக்கே ஓடினேன். ஏழு ஒன்பது. ஏழு பன்னிரண்டு. ஏழு எட்டு. சாயங்காலம் மச்சான் கேட்கும்போது ஆறு ஐம்பத்தைந்து என்றே சொன்னேன். அது பொய்யா உண்மையா என்பது எனக்கே குழம்பிவிட்டது.

தேர்வு நாளில் விடியும் முன்பே மதுரையில் மைதானத்து வாசலில் வரிசை நின்றது. அவன் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்திருந்தான். வாசலோடு அவனை நிறுத்திவிட்டார்கள். முதலில் உயரம். கட்டையைத் தலையில் இறக்கியபோது, எனக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகவே உண்டு என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவரை ஓரமாகப் போகச் சொன்னார்கள். அவர் மறுபடியும் ஒரு தடவை அளக்கச் சொல்லிக் கேட்டார். அளந்தார்கள். அதேதான். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நெஞ்சளவுக்கு மூச்சை இழுத்து விரிக்கச் சொன்னபோது இருமல் வந்துவிடுமோ என்று பயந்து பாதிதான் இழுத்தேன். "நல்லா இழுப்பா, காசா பணமா" என்றார் டேப் பிடித்தவர். இழுத்தேன். வரவில்லை.

இருபத்தைந்து பேராக விட்டார்கள். நெஞ்சிலும் முதுகிலும் எண். சீருடையில் நின்றவர்களைப் பார்த்தபோது பழைய பயமும் சேர்ந்துகொண்டது. வெளியூர் ரயில் நிலையங்களில் தூங்கிக் கிடந்த என்னை லத்தியால் தட்டி எழுப்பியவர்கள் எல்லாரும் இதே நிறத்தில்தான் நின்றார்கள். விசில் அடித்ததும் எல்லாரும் துரத்தப்பட்டவர்கள் போலப் பாய்ந்தார்கள். நான் கடைசியில் நாலைந்து பேருக்கு நடுவில் இருந்தேன். ஈடு விழுந்தது. எண்ணெய் இரைந்தது.

இரண்டாவது சுற்றில் முன்னால் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். மூன்றாவது சுற்றில் எனக்கு முன்னால் ஓடியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்தார். சோலாப்பூர் மாடிப்படியில் மாவு மூட்டைக்காரர் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்தார். அவரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அவர் ஏதோ பேசினார். பேசுகிறார் என்று தெரிந்ததும் மறுபடியும் ஓடினேன். எத்தனை வினாடி அதில் போனது என்று தெரியவில்லை. இரைச்சல் அடங்க ஆரம்பித்திருந்தது.

அந்த மைதானத்தில் வேப்பமரம் இல்லை, மடை இல்லை. எங்கே முடுக்குவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் முடுக்கினேன். கண்ணை மூடி மூடித் திறந்தேன். இரைச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். கோட்டை மிதித்ததாக எனக்கு நினைவில்லை.

"ஏலேய், நில்லுரா. முடிஞ்சுருச்சு. ஏய் நூத்திப் பதினாலு."

யாரோ பின்னால் கத்தியது கேட்டது. என் எண்தான். கால் நிற்கவில்லை. ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து என்னை மார்போடு பிடித்து நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். முடிவுக் கோடு எனக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளிக் கிடந்தது.

"எங்கய்யா போற, வீட்டுக்கா?" என்றார் அவர்.

"பாஸா சார்?"

"பாஸ்தான். போய்க் கையெழுத்துப் போடு. தண்ணி குடி மொதல்ல."

அவருடைய சட்டைப் பித்தான் என் கன்னத்தில் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது. போய்க் கையெழுத்துப் போட்டேன், தண்ணீர் குடித்தேன். 

வாசலில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தலையாட்டினேன். அவன் போனை நீட்டினான், அக்காவுக்குப் பேசச் சொல்லி.

"அக்கா, ஓடிட்டேன். பாஸு."

"தெரிஞ்சதுதானடா. தெனமும் ஓடுறதுதான" என்றாள் அக்கா. "வாரப்ப மேலூர்ல மல்லித்தழ வாங்கிட்டு வா. இங்க வாடிக் கெடக்கு."

சரி என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அவன் என் எதிரில் குத்தவைத்து, கல்லை ஆடாமல் பிடிக்கிறவன் மாதிரி, இரண்டு முட்டியையும் கையால் பிடித்துக்கொண்டான்.